செடானா, எஸ்யூவியா? எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

கார்க் கடனுக்காக வங்கிக் கிளைக்கு வரும் குடும்பங்களில் பல, எந்த வண்டி என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டே வருகின்றன. தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்ற இரண்டு கேள்விகளே எஞ்சியிருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்த முடிவு பெரும்பாலும் ஒரு சிறிய காராகவோ, பின்னால் தனி டிக்கி உள்ள செடானாகவோ இருந்தது. இன்று அது எஸ்யூவி. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற பயணியர் வாகனங்களில் பத்தில் ஆறுக்கும் மேற்பட்டவை எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகன வகையைச் சேர்ந்தவை. இவ்வளவு பேர் வாங்குவதால் அது நம் வீட்டுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியுமா? பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்குள்ள சாலையையும் வீட்டு வாசலையும் வைத்துப் பார்ப்பதே சரியான வழி.

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோரக் கிராமங்களை அதற்கு எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, உறவும் வாணிகமும் பிரியவில்லை. பாறசாலையில் வீடு, களியக்காவிளையில் கடை, மார்த்தாண்டத்தில் சம்பந்தி வீடு, திருவனந்தபுரத்தில் மருத்துவமனை என்று நான்கு திசையிலும் கால் பரப்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே அவர்களுடைய காரும் பலவிதமான சாலைகளில் ஓடியாக வேண்டும்.

முதலாவது, பழைய தேசிய நெடுஞ்சாலை. களியக்காவிளையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் இந்தப் பாதையில், கரமனைப் பக்கத்தில் நான்கு வழியாக விரிந்த பகுதி போக, மற்ற இடங்களில் சந்தை நெரிசலில் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். இரண்டாவது, கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை போடப்பட்டுள்ள புறவழிச்சாலை. முக்கோலைக்கும் காரோட்டுக்கும் இடையே அது கான்கிரீட் தளம். அங்கே எண்பது கிலோமீட்டர் வேகம் எளிதில் வந்துவிடும். மூன்றாவது, உள்ளூர்ப் பாதைகள். காரக்கோணம், வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் போனால் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒற்றை வழிச் சாலைகள். இருபுறமும் வெட்டுக்கல் மதில்கள். எதிரில் ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். நான்காவது பாதையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுதான் சாலையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு ஏறும் சரிவு. இந்த நிலத்தில் வீடுகள் மேட்டிலோ பள்ளத்திலோ அமைந்திருப்பது வழக்கம். அந்தச் சில அடித் தூரம் இந்தக் கட்டுரையில் முக்கிய இடம் பெறும்.

ஒப்பிடுவதற்கு இரண்டு வண்டிகள் வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு எதிராக இன்னொரு நிறுவனத்தை நிறுத்த விரும்பாமல், மாருதி சுசுகியின் டிசையர் செடானையும் பிரெஸ்ஸா எஸ்யூவியையும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டின் நீளமும் ஒன்றே: 3,995 மில்லிமீட்டர். இது தற்செயலன்று. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அதன் பிறகு, நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவாக வண்டி செய்வது நம் நாட்டில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. செடானின் டிக்கியைக் குறுக்கியதும், எஸ்யூவியைக் கைக்கு அடக்கமாக ஆக்கியதும் இந்த வரிக் கோடுதான்.

அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி மாற்றத்தின்படி, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு 18 விழுக்காடு வரி. இந்த வரம்புகளைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு 40 விழுக்காடு. டிசையரின் எஞ்சின் 1,197 சி.சி., பிரெஸ்ஸாவின் எஞ்சின் 1,462 சி.சி. நீளம் ஒன்றாக இருந்தும் ஒன்று 18இல் நிற்கிறது, மற்றது 40இல் நிற்கிறது. இதனால் எஸ்யூவி என்றாலே அதிக வரி என்று எண்ணிவிடக் கூடாது. 1,199 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட டாட்டா நெக்ஸானும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவியே. அது 18 விழுக்காட்டில் வருகிறது. மறுபுறம், நான்கு மீட்டரைத் தாண்டும் ஹோண்டா சிட்டி செடானாக இருந்தும் 40 விழுக்காட்டில்தான் வருகிறது. ஆகவே ஷோரூமில் பெயரைப் பார்ப்பதற்கு முன், சி.சி.யையும் நீளத்தையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

வாசல் சரிவு

எஸ்யூவி வேண்டும் என்பவர்கள் இந்தப் பகுதியில் முதலில் சொல்லும் காரணம், அடி தட்டாது என்பது. அது நியாயமான காரணமே. எவ்வளவு நியாயம் என்பதை அளந்தே பார்த்துவிடலாம்.

வெற்று வண்டியாக நிற்கும்போது டிசையரின் தரை இடைவெளி சுமார் 163 மில்லிமீட்டர். பிரெஸ்ஸாவுக்குச் சுமார் 198. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் டிசையரில் 2,450, பிரெஸ்ஸாவில் 2,500 மில்லிமீட்டர். சரிவில் ஏறிச் சமதளத்தில் கால் வைக்கும் இடத்தில் ஒரு முனை இருக்கும் அல்லவா? முன் சக்கரம் அந்த முனையைத் தாண்டி, பின் சக்கரம் இன்னும் சரிவிலேயே இருக்கும்போதுதான் வண்டியின் வயிறு முனையில் உரசும். வண்டியின் அடிப்பாகம் தட்டையானது என்று கொண்டு கணக்கிட்டால், வெற்று டிசையர் ஏறக்குறைய 15 பாகை முனையைத் தாண்டும். பிரெஸ்ஸா 18 பாகையைத் தாண்டும்.

ஆனால் வெற்று வண்டியை யாரும் திருமணத்துக்கு ஓட்டிச் செல்வதில்லை. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பையும் பலகாரமும் நிறைந்தால் வண்டி தாழும். நான்கு சென்டிமீட்டர் தாழ்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது டிசையருக்கு 11.5 பாகை, பிரெஸ்ஸாவுக்கு 14.5 பாகை என்று குறைந்துவிடுகிறது. இதை வீட்டு மொழியில் சொல்வதானால், ஐந்து அடி நீளத்தில் ஓர் அடி உயரும் சரிவு சுமார் 11 பாகை. நான்கு அடிக்கு ஓர் அடி உயர்ந்தால் 14 பாகை. ஐந்துக்கு ஒன்று என்ற வாசலில், நிறைந்த செடான் மயிரிழையில் தப்பும். நான்குக்கு ஒன்று என்ற வாசலில் அது உரசும். எஸ்யூவி மயிரிழையில் தப்பும். அதைவிடச் செங்குத்தான வாசலில் இரண்டுமே உரசும்.

எனவே ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்து வாசல் சரிவை அளப்பதே முதல் வேலை. நான்குக்கு ஒன்று என்று வந்தால் உடனே எஸ்யூவிக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. சரிவு உங்கள் சொந்த நிலத்தில் இருந்தால், கொத்தனாரை அழைத்து முனையை உருட்டிவிட்டு, சரிவைச் சில அடி நீட்டிப் பூசலாம். அதற்கு ஆகும் கூலியும் சிமெண்டும், இரண்டு வண்டிகளுக்கும் இடையிலான விலை வேறுபாட்டில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். சரிவு பஞ்சாயத்துப் பாதையிலோ, நாலைந்து வீடுகளுக்குப் பொதுவான இடத்திலோ இருந்தால் நிலைமை வேறு. அங்கே எஸ்யூவி கேட்பது ஆடம்பரமாகாது.

வேகத்தடைகளைப் பற்றியும் ஒரு சொல். இந்தியச் சாலைகள் பேரவையின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிப் போடப்பட்ட தடையில், ஐந்து பேர் ஏறிய செடானும் மெதுவாகச் சென்றால் தட்டாது. ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகச் சிமெண்ட் குழைத்துப் போட்ட குறுகலான தடைகளே வயிற்றைக் கீறுகின்றன.

உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அகலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. டிசையரின் அகலம் 1,735 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவின் அகலம் 1,790. ஐந்தரை சென்டிமீட்டர் வேறுபாடு நெடுஞ்சாலையில் ஒரு பொருட்டன்று. வெட்டுக்கல் மதிலுக்கும் மின்கம்பத்துக்கும் இடையே தினமும் இரண்டு முறை நுழைய வேண்டிய சந்தில் அது பெரிய வேறுபாடு. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

முழங்கால்

எங்கள் கருத்தில் எஸ்யூவிக்கு இருக்கும் மிக வலிமையான காரணம் சாலையில் இல்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. முழங்கால் தேய்ந்த தாய்க்கோ மாமியாருக்கோ, செடானின் தாழ்ந்த இருக்கையில் இறங்கி அமர்வதும், பிறகு கையூன்றி எழுவதும் தண்டனை. இருக்கை இடுப்பின் உயரத்துக்கு அருகில் இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்துவிடலாம். நான்கு மீட்டர் எஸ்யூவிகளில் அந்த உயரம் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. அதற்கும் பெரிய எஸ்யூவிகளில் படியேறுவதுபோல் ஏற வேண்டியிருப்பதால், முண்டும் நேரியதும் உடுத்திய முதியவர்களுக்கு அது மீண்டும் தொல்லையாகிறது. பழைய அம்பாசடரை நினைவில் வைத்திருப்பவர்கள், அதுவும் செடான்தானே, அதில் பாட்டி சிரமமில்லாமல் ஏறினாளே என்று கேட்கலாம். உண்மை. 2014இல் உற்பத்தி நின்ற அந்த வண்டியின் இருக்கை உயரமானது. செடான்கள் தாழ்ந்தது பிற்காலத்தில்தான்.

மாதம் இருமுறை திருவனந்தபுரத்துக்கோ காரக்கோணத்துக்கோ மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர் வீட்டில் இருந்தால், சோதனை ஓட்டத்துக்கு அவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். ஷோரூம்காரர்கள் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த நாளில் அவர் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். மகனின் விருப்பத்தைவிட, இந்த முடிவில் அவருடைய முழங்காலின் வாக்குக்கு மதிப்பு அதிகம்.

மழையும் மோதலும்

தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. நெய்யாறு அணையின் மதகுகள் திறக்கப்படும் நாள்களில் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் நீர் ஏறுவது புதிதன்று. உயரமான வண்டி சற்று ஆழமான நீரில் செல்லும் என்பது உண்மையானாலும், அதை நம்பி வெள்ளத்தில் இறங்கக் கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்து இயந்திரம் பழுதானால், வழக்கமான விரிவான காப்பீடு அதற்கு ஈடு தராமல் போகலாம். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு தனியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆற்றோரக் கிராமங்களில் வசிப்பவர்கள் எந்த வண்டி வாங்கினாலும் இதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு என்பது இன்னொரு நம்பிக்கை. வண்டியின் உயரம் அதற்குச் சான்றாகாது. புதிய டிசையர் 2024 நவம்பரில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே உரிய பாரத் என்கேப் மதிப்பீடும் நடைபெறுகிறது. வாங்க நினைக்கும் வண்டியின் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம். இயற்பியலும் சிறிது குறுக்கே வருகிறது. எடை மேலே ஏற ஏற, வளைவில் வண்டி சாயும் நாட்டமும் ஏறும். காரோட்டுப் புறவழிச்சாலையிலிருந்து அதே வேகத்தோடு கிளைச்சாலையில் திரும்புகிறவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் சென்று திரும்ப ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வாரம் மூன்று முறை சென்றால் ஆண்டுக்கு 9,360. உள்ளூர்ப் பயணத்தையும் சேர்த்து 12,000 என்று வட்டமாக்குவோம். நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ், கியர் மாற்றி ஓட்டும் டிசையருக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், பிரெஸ்ஸாவுக்கு வகையைப் பொறுத்து 17.38 முதல் 19.89 வரை. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் இவை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செடானுக்கு 18, எஸ்யூவிக்கு 14 என்று கொள்வோம். ஆண்டுக்கு 667 லிட்டர், 857 லிட்டர். வேறுபாடு 190 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று எளிமையாக வைத்தாலும் 19,000 ரூபாய். கேரளத்தில் பெட்ரோல் தமிழகத்தைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் என்பதால் களியக்காவிளையில் நிரப்புவோர் பலர். வழியில் போகும்போது நிரப்புவது சரிதான். ஆனால் அந்தச் சலுகை இரண்டு வண்டிக்கும் பொது.

வாங்கும் விலைக்கு வருவோம். இடைநிலை வகைகளில் சாலைவரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 2.3 லட்சம் ரூபாய் வேறுபாடு என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடன் என்றால் லட்சத்துக்கு மாதத் தவணை 1,609 ரூபாய். 2.3 லட்சத்துக்குச் சுமார் 3,700. பெட்ரோல் வேறுபாட்டில் மாதம் 1,580ஐயும் கூட்டினால் 5,280 ரூபாய். அகலமான டயர்களுக்கு ஆகும் கூடுதல் செலவை இதில் சேர்க்கவில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் வேறுபாடு இல்லை. 1,000 முதல் 1,500 சி.சி. வரை ஒரே கட்டணம் என்பதால் இரண்டும் ஒரே படியில் நிற்கின்றன.

மாதம் 5,280 ரூபாய் என்பது பல குடும்பங்களில் ஒரு பிள்ளையின் கல்விக்கான சேமிப்பு. முழங்காலுக்காகவோ, சரி செய்ய முடியாத வாசலுக்காகவோ கொடுத்தால் அது தகுந்த விலை. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் வண்டியின் கூரை தெரிய வேண்டும் என்பதற்காகக் கொடுத்தால் அதிகம். தவணையைக் குறைக்க ஐந்து ஆண்டை ஏழு ஆண்டாக நீட்டுவோர், லட்சத்துக்கு வட்டி மட்டும் 24,500இலிருந்து 35,000க்கு மேல் ஏறுவதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் குடும்பங்களும் உண்டு. 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – நாகர்கோவில் ரயில் பாதையில் பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய நிலையங்கள் உள்ளன. அலுவலகத்துக்குச் சீசன் டிக்கெட்டில் ரயிலில் சென்று, காரை ஞாயிறுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் எடுப்பவர் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். அவருக்குப் பெட்ரோல் வேறுபாடு ஆண்டு முழுவதற்கும் 6,400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மைலேஜ் அவருக்குப் பெரிய காரணமாகாது. யார் ஏறப் போகிறார்கள் என்பதே அவர் பார்க்க வேண்டியது.

எண் பலகை

எல்லையில் வாழ்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி ஒன்று மீதமிருக்கிறது: பாறசாலையின் கே.எல். 19 எண்ணா, மார்த்தாண்டத்தின் டி.என். 75 எண்ணா? இரு மாநிலங்களிலும் வாழ்நாள் வரி, விலைக்கு ஏற்றபடி படிப்படியாக உயர்கிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் இரண்டிலும் விகிதம் கூடும். ஆகவே செடானுக்கும் எஸ்யூவிக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது, விலை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பது அவசியம். ஆனால் எந்த மாநிலத்தில் வரி குறைவோ அங்கே பதிவு செய்துகொள்ளலாம் என்பது தவறான எண்ணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் இடத்தை அல்லது வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் தொழிலிடத்தைக் கேட்கிறது. களியக்காவிளையில் உண்மையிலேயே கடை வைத்து, அங்கே வண்டியை நிறுத்துபவருக்கு அந்த வழி திறந்திருக்கிறது. பெயருக்கு ஒரு முகவரி கொடுப்பவருக்கு இல்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால், 47ஆம் பிரிவின்படி அங்கே புதிய எண் பெற வேண்டும். அங்குள்ள வரியையும் கட்டியாக வேண்டும்.

அந்த மாற்றத்துக்கு முதல் மாநிலத்துப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. கடன் நிலுவையில் இருக்கும் வண்டியின் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், வங்கியின் ஒப்புதலும் இணைக்கப்பட வேண்டும். எனவே வேலை மாற்றமோ வீடு மாற்றமோ வரும் என்று தெரிந்தவர்கள், கடன் விண்ணப்பத்தை நிரப்பும் நாளிலேயே கிளை அலுவலரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.